தறித்தெருவில் ஒரு சத்தமில்லாத பெட்டி

எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தூங்க வைக்கத் தாலாட்டு வேண்டாம். வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். அது ‘சடக்கு சடக்கு’ என்று அடிக்கிற வரைக்கும் பிள்ளை அசையாமல் தூங்கும். கரண்டு போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழும். சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வருகிற பெண்கள் கொஞ்ச நாள் தலைவலி என்பார்கள். அப்புறம் அவர்களும் கத்திப் பேசப் பழகிவிடுவார்கள். பிறந்த வீட்டுக்குப் போனால், “இங்கன என்ன, எழவு விழுந்த மாதிரி இருக்கு?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிடுவார்கள். என் மனைவி மட்டும் புளியங்குடியிலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் கத்தப் பழகவில்லை. வந்த நாளில் எந்தக் குரலில் பேசினாளோ, அதே குரலில்தான் பேசினாள்.

அப்படிப்பட்ட தெருவில் உட்கார்ந்துகொண்டு, சத்தமே போடாத கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டப் புறப்பட்டவன் நான். மீன் சந்தைக்குள் ஊதுபத்திக் கடை போட்டவனைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவன் எனக்குச் சொந்தக்காரனாக இருப்பான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர், ஜெராக்ஸ், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் எங்கள் அப்பாவின் தறியில்தான் கிடந்தேன். மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேயே தறிக்கு நடுவில் நிற்க ஆரம்பித்து, கல்யாணம் பேசுகிற வரைக்கும் நின்றேன். தறிக்கூடத்துக்குள் பேச்சுக் கிடையாது. பேசினாலும் கேட்காது. ஒருத்தன் உதட்டை இன்னொருத்தன் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். தறியை விட்டு வெளியே வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. யார் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பேன். நான் கவனமாகக் கேட்கிற மனுஷன் என்று இதனால் ஊருக்குள் ஒரு நல்ல பெயர்கூட உண்டு.

என் மனைவி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வேறு பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறோம் என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பேப்பர் வந்ததும், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க, தலைப்புச் செய்தியிலிருந்து வரிவிளம்பரம் வரைக்கும் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்திருந்தாள். கேட்க வகுப்பு இல்லை என்றாலும் குரலுக்கு வேலை வேண்டியிருந்தது.

அவளிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் இருக்கிறாள். கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து வெளியிடுகிற ஒரு கம்பெனி குரல் தேடுகிறது என்று அவள்தான் சொன்னாள். கம்பெனி ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பியது. வாசித்து அனுப்ப வேண்டும். போனில் பேசிப் பதிவு செய்தால் எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் நல்ல மைக் மாட்டித்தான் செய்ய வேண்டும். பிடித்துப்போனால் மொத்த நாவலும் அவளுக்கு.

கம்ப்யூட்டர்காரன் வீட்டில் கம்ப்யூட்டருக்கா பஞ்சம்? கடையில் விலைபோகாத பழைய பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. தறிக்காரர்களுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைச் சாத்தி, மேலே சுற்றுகிற காத்தாடியையும் நிறுத்திவிட்டு வாசித்தாள். அனுப்பினோம். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

“குரல் ரொம்ப நல்லாருக்கு மேம். நிறுத்தி நிதானமா வாசிக்கிறீங்க. ஆனா பின்னாடி ஒரு இரைச்சல் ஓடிட்டே இருக்கு. ஃபேன் சத்தம் மாதிரி. எல்லாருக்கும் மூணு தடவை அனுப்ப வாய்ப்புக் கொடுக்குறோம். இன்னும் ரெண்டு தடவை இருக்கு. சுத்தமா அனுப்புங்க, கண்டிப்பா உங்களையே எடுத்துக்கலாம்.”

போனை வைத்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் மூடினதிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

“இரைச்சல்தான? அத எங்கிட்ட விட்டுரு” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேறு யாரிடமாவது விட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது பெரும்பாலும் காத்தாடிகள்தான். உள்ளே இருக்கிற சில்லுகள் சூடாகும். சூட்டை வெளியே தள்ளக் காத்தாடி சுற்றும். சின்னக் காத்தாடி வேகமாகச் சுற்றிக் கூப்பாடு போடும். பெரிய காத்தாடி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். ஆகவே பெரிய காத்தாடிகளாக வரவழைத்தேன். பிராசசர் தலையில் உட்கார வைக்க, செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளுமாக ஒரு கோபுரம் வந்தது. நம்ம ஊர்க் கோபுரத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. காத்தாடிகளை ஸ்குரூ போட்டு முடுக்கினால் தகரம் அதிரும் என்று ரப்பர் ஆணியில் தொங்கவிட்டேன். ஹார்டு டிஸ்க் உறுமும் என்று அதை எலாஸ்டிக்கில் தொட்டில் கட்டிப் போட்டேன்.

“என் தையல் டப்பாவுல இருந்த எலாஸ்டிக்க எங்க?” என்று கேட்டாள் மனைவி.

“பிள்ளைக்குத் தொட்டில் கட்டிட்டேன்.”

எட்டிப் பார்த்தாள். “வயசான காலத்துல நல்ல பிள்ளை பெத்திருக்கீங்க” என்றாள்.

பெட்டியின் உள்சுவரில், கார் கதவுக்குள் ஒட்டுகிற தார் ஷீட்டை ஒட்டினேன். எங்கள் தெருக் காற்றில் பாதி பஞ்சுதான். அது உள்ளே போகாமல் இருக்க முன்னால் சல்லடைத் துணி கட்டினேன். கடைசியாக, பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிற பழைய பவர் சப்ளையைத் தூக்கிக் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். சாதாரண வேலைக்கு அதன் காத்தாடி சுற்றவே சுற்றாது. அத்தனை அமைதி என்று அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருந்தது. அட்டைப்பெட்டி சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

முதன்முதலில் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. காத்தாடிகள் கனவில் சுற்றுவது மாதிரிச் சுற்றின. நான் பெட்டி மேல் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை. பெற்ற பிள்ளை பேசினால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. அது பேசாததில் அவ்வளவு சந்தோஷம்.

“ஏட்டி, இங்கன வா. கேக்கா?”

“என்னத்த?”

“அதான்! ஒண்ணுமே கேக்கல பாத்தியா!”

அவள் தலையைச் சாய்த்தாள். “கொசு கத்துத மாதிரி ஏதோ கீச்சுங்குல்லா.”

“கொசுதான். புளியங்குடியில இருந்து உன்னத் தேடி வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கொசு மருந்தைச் சொருகினேன். சொருகியதோடு நிற்காமல், அன்றைக்கு முழுக்க, “உங்க ஊர்க்காரர் போயிட்டாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை, இன்னும் இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன்.

அடுத்த பதிவுக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. இரண்டு பக்கத் தறிக்கூடமும் ஒரே அண்ணாச்சியுடையது. போய்க் கேட்டேன்.

“அண்ணாச்சி, ஒரு அரை மணி நேரம் தறிய நிப்பாட்டுவீங்களா?”

“எதுக்கு வே?”

“வீட்டுல கதை படிக்கணும்.”

“கதை படிக்கதுக்கு எதுக்குவே தறிய நிப்பாட்டணும்? கண்ணாலதான படிப்பாவ?”

“வாயால படிக்கா அண்ணாச்சி. பதிவு பண்ணுதோம். சென்னைக்கு அனுப்பணும்.”

அண்ணாச்சி என்னைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் பார்த்தார். “டீச்சருக்காக நிப்பாட்டுதேன். உமக்காவன்னா கரண்டு போனாக்கூட நிப்பாட்ட மாட்டேன்” என்றார்.

நிறுத்தினார். அவர் நிறுத்துகிறாரே என்று எதிர்ப்பக்கத்துக் கூடத்துக்காரரும் நிறுத்தினார். மனைவி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். நான் வாசலில் காவலுக்கு நின்றேன்.

எனக்கு ஒரு விஷயம் மறந்து போயிருந்தது. கரண்டு இருக்கும்போது, வேலைநாளில், பட்டப்பகலில், எங்கள் தெருவில் தறி நிற்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். யாராவது இறந்திருக்க வேண்டும். பிணம் எடுக்கிற வரைக்கும் தெருவில் ஒருத்தரும் தறி ஓட்ட மாட்டார்கள்.

முதலில் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்தாள். அப்புறம் முக்குவீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு வந்தார்கள். எல்லாரும் அண்ணாச்சியின் கூடத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கையை என் வீட்டுப் பக்கம் நீட்டினார். அவர் பாட்டுக்குச் சாதாரணமாகத்தான் நீட்டினார். ஆனால் அந்த அமைதியில் அது வேறு மாதிரி இருந்தது.

உள்ளே பதிவு ஓடுகிறது. நான் கத்த முடியுமா? வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் போங்க” என்று குசுகுசுத்தேன்.

“தொண்டை அடைச்சிட்டு, பாவம்” என்றார் முக்குவீட்டுக்காரர். வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“டீச்சரா?” என்று யாரோ கேட்டார்கள்.

“நேத்துகூடக் கறிவேப்பில வாங்கிட்டுப் போனாவளே!” என்று எதிர்வீட்டு அக்கா வாயில் முந்தானையை வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டு ஓங்கி ஒரு ஒப்பாரி ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பிளாஸ்டிக் சேர் ஏற்றிய ஒரு குட்டி யானை வண்டி தெருமுனையில் திரும்பியது. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

கதவு திறந்தது. மனைவி கையில் தாளோடு நின்றாள்.

“யாருக்கு என்ன?” என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அக்கா பாதி ஒப்பாரியில் நின்று, “உங்களுக்குத்தான்” என்றாள்.

தெரு முழுக்கச் சிரித்தது. சேர் வண்டிக்காரன் மட்டும் வாடகையைக் கேட்டுக்கொண்டு நின்றான். அன்றைக்கு நான் சிரித்த மாதிரி வேறு எவனும் சிரித்திருக்க மாட்டான். அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பாரி விழுந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்த வரிகளை மட்டும் மறுபடியும் வாசிக்க வைத்து ஒட்டி அனுப்பினேன். கம்பெனிப் பெண் திரும்பக் கூப்பிட்டாள். “இரைச்சல் போயிடுச்சு மேம், ஆனா பின்னாடி இன்னும் ஏதோ ஒரு சத்தம் இருக்கு” என்றாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்றும் சொன்னாள்.

“அந்த அக்காவோட ஒப்பாரி மிச்சம் இருந்திருக்கும்” என்றேன் நான்.

“ஒப்பாரி இல்ல” என்றாள் மனைவி. “நான் மொதல்லேயே சொன்னேம்லா, அந்தக் கீச்சுச் சத்தம். அது பொட்டிக்குள்ள இருந்துதான் வருது. பொட்டிய அணைச்சா நிக்கி, போட்டா வருது.”

நான் மறுபடியும் பெட்டியின் மேல் காதை வைத்தேன். இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன். ஹெட்போன் மாட்டி, பதிவில் அவள் வாசிப்பை நிறுத்தி மூச்சு விடுகிற இடங்களை மட்டும் கேட்டேன். கிணற்றுக்குள் இறங்கின மாதிரி அமைதி.

“ஒண்ணுமே இல்லட்டி.”

“எதுக்கும் பொட்டிய அடுத்த ரூம்ல வச்சிட்டு, வயர மட்டும் கதவு வழியா இழுத்துக்கிடுவோமா?”

இந்தக் கேள்வியை நான் பல தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். நீளமான வயர் கடையிலேயே தொங்கியது. எழுந்து போய் எடுத்து வந்தால் முடிந்தது. கோபுரமும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம். ஆனால் இத்தனை நாள் ராப்பகலாகக் கண் விழித்துச் சத்தமில்லாமல் கட்டிய பெட்டியை, சத்தம் போடுகிற பெட்டி மாதிரி அடுத்த ரூமில் கொண்டு வைப்பதா?

“வாயே திறக்காதவன எதுக்குட்டி வீட்ட விட்டுத் தொரத்தணும்? வாய மூடாத என்னையவே நீ இன்னும் தொரத்தல” என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என்னை மாதிரித் தமாஷ்காரனுக்கு இது ஒரு வசதி. எதிராளி சிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கம்பக்கத்து டிவி கேட்குமே என்று, மூன்றாவது பதிவுக்கு, மாதத்துக்கு ஒரு நாள் மராமத்துக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். ஊரில் ஒரு தறியும் ஓடாது. யாரும் செத்ததாகவும் நினைக்க மாட்டார்கள். ஆனால் கரண்டு இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்? யுபிஎஸ்ஸில் ஓடும். கரண்டு போனால் யுபிஎஸ் விடாமல் ‘பீப் பீப்’ என்று கத்தும். முந்தின நாளே அதைப் பிரித்து, கத்துகிற பாகத்தை வெட்டி எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன் பாருங்கள்.

சித்திரை வெயில். ஜன்னலெல்லாம் சாத்தியாகிவிட்டது. அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே கழுத்தில் வேர்வை ஓடியது.

“பொட்டிக்குள்ள ரெண்டு காத்தாடி சுத்துது. எனக்கு ஒண்ணுகூட இல்ல” என்றாள்.

வாசிக்க ஆரம்பித்தாள். நான் எதிரே உட்கார்ந்து திரையில் சூட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் ஏறினால் எனக்கு நெஞ்சு அடிக்கும், இறங்கினால் மூச்சு வரும். அவள் பக்கம் பக்கமாகத் தாளைத் திருப்பினாள். தாள் சத்தம் வராமல் இருக்க, ஒவ்வொன்றையும் பூவை எடுத்து வைப்பது மாதிரி வைத்தாள். கடைசித் தாள் முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள். வேர்வை என்று நினைத்தேன்.

“முடிஞ்சிட்டு. கேட்டீங்களா?”

“கேட்டேன் கேட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல! சுத்தம்!”

“நான் வாசிச்சதக் கேட்டீங்களான்னேன்.”

“அதுவும் பிரமாதம்” என்றேன். சூட்டு எண் ஒரு தடவைகூடச் சிவப்புக்குப் போகவில்லை என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்தேன்.

அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் அந்தப் பெட்டியைப் போட்டாலே அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் பார்த்தால் காதில் பஞ்சு வைத்திருக்கிறாள். எனக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது. இல்லாத சத்தம் கேட்கிறதென்றால் காதில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? சும்மா விடக்கூடாது என்று திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போது, “கொசுவக் காதுக்குள்ள இருந்து ஊசி வச்சு எடுப்பாவளாம்” என்று சொல்லி தைரியம் வேறு கொடுத்தேன்.

காது டாக்டர் ஒரு பெண். என் மனைவியை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார். முடிந்து வந்ததும், “உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கிற மாதிரி காது” என்றார்.

“அப்ப அந்தக் கொசு, டாக்டர்?” என்று நான் கேட்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் என்னமோ சொன்னார். நான் அவர் நிமிரட்டும் என்று காத்திருந்தேன். அவர் மறுபடியும் சொன்னார் போலிருக்கிறது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஹெட்போனில் தூரத்து உறுமி மாதிரி கொஞ்ச நேரம் சத்தம் வந்தது. பொத்தானை உற்சாகமாக அமுக்கினேன். அப்புறம் நின்றுவிட்டது. கையைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே டாக்டர் என்னமோ திருகிக்கொண்டிருந்தார். மிஷினில் கோளாறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

“மிஷின் நின்னுட்டு போலருக்கே டாக்டர். வேணும்னா நான் கழத்திப் பாக்கட்டுமா? நமக்கு இதே வேலைதான்.”

“மிஷின் நிக்கல சார். டெஸ்ட் ஓடி முடிஞ்சிடுச்சு” என்றார் டாக்டர்.

ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், மலைச் சரிவு மாதிரி இறங்கி அடியில் கிடந்தது. “தறியில வேலை பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார். நான் சொல்லாமலேயே கேட்டார். எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்களாம். கனத்த சத்தமெல்லாம் கேட்குமாம். சன்னமான சத்தம்தான் போய்விடுமாம். கொசு, குருவி, குக்கர் விசில். அப்புறம் பெண்கள் மெதுவாகப் பேசும்போது வார்த்தையின் ஓரம்.

“சொன்னா தமாஷா இருக்கும், இத்தன வருஷமா உதட்டப் பாத்தே சமாளிச்சிருப்பீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது” என்றார்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குத் தமாஷாக இல்லை.

அந்தக் கீச்சு என்னவென்று எனக்கு டாக்டர் அறையிலேயே புரிந்துவிட்டது. புது பவர் சப்ளைக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். சிலதில் கரண்டு ஓடும்போது அந்தச் சுருள் அதிர்ந்து கொசு மாதிரிக் கத்தும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அந்தச் சத்தம் கேட்கிறது என்று யாராவது கொண்டு வந்தால் மாற்றியும் கொடுத்திருக்கிறேன். பழைய பெட்டியில் அந்தக் கொசு இல்லை. நான்தான் அட்டைப்பெட்டியை நம்பி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் மைக் பக்கத்தில் மாட்டினேன். மற்றச் சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடக்கி, அது ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கும்படி வழி செய்து கொடுத்தேன்.

சென்னையிலிருந்து பதில் வருவதற்கு முன்னாலேயே பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே என்னமோ சொன்னாள். எத்தனையோ வருஷமாக இந்த மாதிரி நேரத்தில் நான் “ம்ம்” என்பேன், அல்லது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு, “என்ன சொன்ன? கேக்கல” என்றேன். அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்கு ஓடி, பழைய பவர் சப்ளையைத் தூசி தட்டி எடுத்து வந்து மாட்டினேன். அதன் காத்தாடியை மட்டும் மாற்றினேன். அரை மணி நேர வேலை. சுவிட்சைப் போட்டேன்.

“இப்ப?”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இப்ப இல்ல” என்றாள்.

எனக்கு முன்னேயும் அமைதி, இப்போதும் அமைதி. அவள் சொன்னால்தான் உண்டு. முதல் நாளே சொன்னாள்தான்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டு, பெட்டியை மாற்றிவிட்டோம், தப்பு என்னுடையது, இன்னும் ஒரு தடவை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தக் கம்பெனிப் பெண் நல்ல பெண். மெதுவாகத்தான் பேசினாள். எனக்குத்தான் பாதி கேட்கவில்லை. மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, “சரிம்மா, பரவாயில்லம்மா. யாராயிருந்தாலும் நல்லா வாசிக்கச் சொல்லுங்க” என்றாள். வைத்துவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியும்.

காது மிஷின் வாங்கியிருக்கிறேன். தெருவில் மாட்டினால் தறிச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது. வீட்டிலும் இரண்டு பக்கமும் தறிதானே, அதைக் கழற்றித்தான் வைக்கிறேன். அதனால் இப்போது அவள் மாறிவிட்டாள். என்னிடம் பேசும்போது நேராக வந்து நிற்கிறாள். வாயை அகலமாகத் திறந்து, தறிக்காரி மாதிரிச் சத்தமாகப் பேசுகிறாள். இத்தனை வருஷம் எங்கள் தெருவால் முடியாததை நான் முடித்துவிட்டேன்.

போன மாதம் மறுபடியும் மராமத்து நாள் வந்தது. தறியெல்லாம் நின்றது. காது மிஷினை மாட்டிக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்து, “அந்த அத்தியாயத்த எனக்கு வாசிச்சுக் காட்டுதியா?” என்று கேட்டேன். தாள் எங்கேயோ போயிருக்கும் என்று நினைத்தேன். பீரோவில் சேலைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான் அதுவரைக்கும் அந்தக் கதை எதைப் பற்றி என்றுகூடத் தெரியாமல்தான் இருந்திருக்கிறேன். ஒரு பெண் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, ரயில்வே ஸ்டேஷனில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்து யாராவது தேடி வருவார்களா என்று பார்க்கிறாள். முதலில் மெதுவாகத்தான் வாசித்தாள். நான் முகத்தைச் சுருக்குவதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினாள். இன்னும் உயர்த்தினாள். நடுவில் தொண்டை கட்டி இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். ரயில் வந்து நிற்கிறது, அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்பதோடு நிறுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. தறி நின்றதால் அவரும் சும்மா உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

“டீச்சர்! அந்தப் பிள்ள ரயில் ஏறிச்சா, வீட்டுக்குப் போச்சா?”

“தெரியாது அண்ணாச்சி!” என்று அவள் கத்தினாள். “மொத அத்தியாயந்தான் நமக்கு அனுப்புனாவ!”

“மிச்சம் யார்ட்ட இருக்கு?”

“வேற யாரோ வாசிக்காவ!”

கரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது, தறிகள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. நான் காது மிஷினைக் கழற்றினேன். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து என்னமோ கேட்டாள். நல்லா இருந்துச்சா என்று உதடு சொன்னது. சொல்ல எனக்கு வாயில் நல்ல தமாஷ் ஒன்று தயாராக இருந்தது. சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.